நாலாவது பெயர்

எங்கள் சபையில் என்னை நேரில் 'அண்ணா' என்பார்கள், நான் நகர்ந்ததும் 'பட்டியல்' என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பத்தொன்பது வருடங்களாக ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளின் பெயர்களை வாசித்து மன்றாடுகிறவன் நான். பிழைப்புக்குப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் வேலை. எந்த வண்டி எப்போது நுழைந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதிக்கொண்டும் மைக்கில் அறிவித்துக்கொண்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். இரண்டு நிமிடம் பிந்தும் ஓட்டுநருக்கு என் வாயிலிருந்து நல்ல அர்ச்சனை கிடைக்கும். அந்தக் குரலுக்காகத்தான் அப்போதிருந்த போதகர் என்னைப் பிடித்துப் போட்டார். "உங்க குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்ணா" என்றார். கேட்கும்தான். கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.

முறை எளிது. பிரசங்கம் முடிந்ததும் ஒரு பாட்டு. பிறகு நான் முன்னால் போய் நின்று ஒரு பெயர் வாசிப்பேன். சபை "ஆண்டவரே, இரங்கும்" என்று சொல்லும். அடுத்த பெயர். மறுபடியும் "ஆண்டவரே, இரங்கும்". இப்படிப் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்தப் பதிலைச் சபை கடனே என்று சொல்லும். கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டே சொல்வார்கள், கொட்டாவிக்கு நடுவில் சொல்வார்கள், பிந்தி வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தபடி சொல்வார்கள். என் மனைவி அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே சொல்வாள், அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"தூங்குற ஜனத்தை வெச்சுக்கிட்டு நான் யாருக்கு வாசிக்கிறேன்?" என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளுவேன்.

"ஆண்டவருக்கு" என்பாள். அவளிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது.

நாலு வார விதியைக் கொண்டுவந்தவனும் நான்தான். எங்கள் சபையில் குடை பழுதுபார்க்கிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பெயரைச் சேர்த்தோம். அவர் குணமாகி, கடையைத் திறந்து, பெஞ்சில் வந்து உட்கார்ந்தும் ஏழு மாதம் அவருக்காக மன்றாடிக்கொண்டிருந்தோம். தன் பெயர் வந்ததும் அவரும் சேர்ந்து, சத்தமாக, "ஆண்டவரே, இரங்கும்" என்பார். ஏன் ஐயா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நல்லதுதானே நடக்குது, எதுக்கு நிறுத்தணும்" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். பெயர் கொடுத்தால் நாலு வாரம் வாசிப்பேன். தொடர வேண்டுமென்றால் வீட்டார் யாராவது நோயாளியின் நிலைமையை ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் போய்விடும். அறிவிப்புப் பலகையில் இதை எழுதி ஒட்டி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

அந்த விதியைத் தவறாமல் கடைப்பிடித்தவர் ஒரே ஒருவர். தாளத்தின் அம்மா.

தாளம் என்பது பட்டப்பெயர். ஞானஸ்நானப் பெயர் வேறு, பட்டியலில் அதைத்தான் வாசிப்பேன். சின்ன வயதில் பாட்டு தொடங்கினால் போதும், முன் பெஞ்சின் முதுகில் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்துவிடுவான். நானே இரண்டு முறை காதைத் திருகியிருக்கிறேன். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். இருபத்தாறு வயதில், பழுது பார்க்கப் போன கட்டடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். உயிர் இருந்தது, நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் குழாய், முதுகுக்குக் கீழே காற்று மெத்தை. அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஷிப்ட்டுக்குப் போகும் நேரத்தில் எதிர்வீட்டம்மா பார்த்துக்கொள்வார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஆராதனை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையின் கதவருகே வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். மடித்த சீட்டை நீட்டுவார். ஒரே ஒரு வரிதான் இருக்கும். 'அப்படியே இருக்கான்.' 'இடது கண் திறந்தான், மூடிட்டான்.' 'சளி குறைவு.' ஒரு முறை, 'கொட்டாவி விட்டான்' என்று எழுதியிருந்தார். அதை நீட்டும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நானும் அன்று கொஞ்சம் உரக்கவே வாசித்தேன்.

பட்டியலில் அவன் நாலாவது பெயர். முதல் இரண்டும் படுக்கையில் கிடக்கும் வயதானவர்கள். மூன்றாவது, சிறுநீரகக் கோளாறுக்காக வாரம் இருமுறை ஆஸ்பத்திரி போய்வரும் சலூன்காரர். ஐந்தாவது, மூட்டுவலிக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆராதனைக்கும் தவறாமல் வரும் பால் கடைக்காரம்மா. சலூன்காரரின் பெயருக்குப் பதில் வந்ததும் நான் தலையைத் தூக்கி, மூன்றாவது பெஞ்சில் தூணோரம் உட்கார்ந்திருக்கும் தாளத்தின் அம்மாவை ஒருமுறை பார்ப்பேன். பிறகு அவன் பெயரை வாசிப்பேன். ஏன் அப்படிப் பழகினேன் என்று தெரியவில்லை. 'இதோ, வாசிக்கிறேன்' என்று சொல்வது போல. அவர் லேசாகத் தலையாட்டுவார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த மாதம் சபைக் குழுக் கூட்டத்தில் பால் கடைக்காரம்மா என்னை வறுத்தெடுத்துவிட்டார். சீட்டு ஒரு வாரம் பிந்தியது என்று அவருடைய கொழுந்தனாரின் பெயரை நான் எடுத்திருந்தேன். "சிலருக்கு மட்டும் விதி, சிலருக்குச் சலுகை. உங்க பட்டியல், உங்க ராஜ்யம்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மூக்கு உடைந்தது போல ஆகிவிட்டது. இனி யாருக்காகவும் ஒரு நாள்கூட வளைந்துகொடுப்பதில்லை என்று வீம்பு பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு தாளத்தின் சீட்டு வர வேண்டிய நாள். பத்து நிமிடம் முன்பு கதவைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் முன்பும் பார்த்தேன். அவர் வரவில்லை. அவன் அப்படியேதான் கிடக்கிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, சிவப்பு மையால் நாலாவது வரியை அடித்தேன். அடித்துவிட்டு, 'இப்போ யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது' என்று ஒரு திருப்தி வேறு. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

வாசித்தேன். முதல் பெயர், இரண்டாவது பெயர், சலூன்காரர். பழக்கத்தில் தலையைத் தூக்கினேன். தூணோரம் காலியாக இருந்தது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இடைவெளியில், நான் ஒரு பெயரும் சொல்லாமலேயே, சபை "ஆண்டவரே, இரங்கும்" என்றது. ஆள் ஏறும் முன்பே விசில் அடித்த மாதிரி. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பாருங்கள், பெயர் வந்ததா இல்லையா என்றுகூடக் கவனிக்காத கூட்டம்! குரலை உயர்த்தி, பால் கடைக்காரம்மாவின் பெயரை அதட்டுவது போல வாசித்தேன்.

மறுநாள் திங்கள், காலை ஏழு மணிக்கு, தாளம் இறந்துவிட்டான்.

நெஞ்சில் சளி கட்டி, இரண்டு நாள் ஜுரம் இருந்திருக்கிறது. செய்தி கிடைத்தபோது நான் கூண்டுக்குள் இருந்தேன். ஏழு ஐம்பது வண்டியை அறிவிக்க மைக்கைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. ஓட்டுநர் கூண்டின் கண்ணாடியைத் தட்டி, "என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

அடக்கத்தன்று தாளத்தின் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. கட்டிலை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். காற்று மெத்தையின் மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது, மூலையில் அது தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. தாளத்தின் அம்மா அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடிக்கிறவர் கையாலேயே, போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை திடீர்னு ஷிப்ட்டு போட்டுட்டாங்க. சீட்டு குடுக்க வர முடியல. இருந்தாலும் அவன் பேரை வாசிச்சீங்கல்ல?"

அறையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் அன்று ஆராதனையில் இருந்தவர்கள். யாராவது ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

"வாசிச்சேன்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பெஞ்சில் ஆட்டுவாரே, அதே மாதிரி. பிறகு பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "சபையே சேர்ந்து கேட்டிருக்கு. அப்பவும் முடியாதுன்னுட்டார். இனி அவர்கிட்ட கேக்குறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து, வீசி எறியப்பட்ட அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"வாசிச்சீங்களே! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"வாசிக்கலடி. நீ அடுப்பை நினைச்சுக்கிட்டு இருந்திருப்ப."

"இல்லங்க, சத்தியமா. நான் அவனுக்கு 'இரங்கும்' சொன்னேன்."

இவளும் தூங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு துக்கமாக இருந்தது. நான் விட்டதை ஒரு ஆள்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால், இத்தனை வருடம் யார்தான் கேட்டார்கள்?

அடுத்த ஞாயிறு தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பதிலாகப் பள்ளிக்கூட ஆசிரியை வாசித்தார். அவர் பெயர்களை அகர வரிசைப்படி புதிதாக எழுதிக்கொண்டு, நிற்காமல் விறுவிறுவென்று முடித்தார். எங்கள் முறைப்படி இறந்தவரின் பெயரை ஒரே ஒரு முறை நன்றியோடு சொல்வோம், அதோடு சரி. தாளத்தின் பெயரையும் அப்படிச் சொன்னார்கள். அவன் அம்மா வரவில்லை. அடுத்த வாரமும் என் தொண்டை சரியாகவில்லை, அவரும் வரவில்லை. மூன்றாவது வாரம் என் மனைவி அவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வேதப்புத்தகத்தைத் துணியில சுத்தி அலமாரி மேல வெச்சிட்டாங்க. கோவமாக்கூட இல்லங்க. 'சபையே கேட்டாச்சு, பதில் வந்தாச்சு, முடிஞ்சு போச்சு'ன்னு சொல்றாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க சொல்றது நிஜம்னா, சபை கேக்கலன்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

போதகரிடம் போனேன். நல்ல மனுஷர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"அண்ணா, ஆண்டவருக்குப் பட்டியல் வேணுமா? நம்ம வாய் திறக்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

"அப்போ பத்தொன்பது வருஷமா எதுக்கு வாசிச்சேன்?"

"அது வந்து... நமக்காக. ஒருத்தரை ஒருத்தர் நினைச்சுக்கிறதுக்காக."

"அப்போ நான் அவனை நினைக்கல. அதுதானே ஐயா கணக்கு?"

ஆறுதல் சொல்ல வந்தவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. என் பாரத்தைப் போதகர் இறக்கி வைக்க முடியாது. அது எங்கே போய் இறங்க வேண்டுமோ அங்கேதான் இறங்கும்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சலவைப் பிரிவு. பகல் மூன்று மணி. உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கிவிட்டது. ஒரு பக்கம் பெரிய தொட்டி போன்ற இயந்திரங்கள் சுழன்றன. இன்னொரு பக்கம், ஆள் உயர உருளைகளுக்கு நடுவே படுக்கை விரிப்புகள் ஈரமாக நுழைந்து காய்ந்து வெளியே வந்தன. தாளத்தின் அம்மா மேசையருகே நின்றிருந்தார். கூட மடிக்கிற பெண் தேநீர் குடிக்கப் போயிருந்தாள். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. அவர் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, வந்த காரியத்தைக்கூடக் கேட்காமல், எதிர் மூலைகளை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

உதறினோம். நீளவாக்கில் மடித்தோம். அவர் என்னை நோக்கி நடந்து வந்தார். என் கையிலிருந்த மூலைகளை வாங்குவதற்காக அருகில் வந்தபோது சொன்னேன்.

"நான் பொய் சொன்னேன்மா. அன்னிக்கு அவன் பேரை வாசிக்கல. சீட்டு வரலன்னு அடிச்சிட்டேன்."

அவர் மூலைகளை வாங்கினார். விரிப்பை அடுக்கில் வைத்துத் தட்டினார். அடுத்த விரிப்பை எடுத்து மறுபடி இரண்டு மூலையை என்னிடம் நீட்டினார். மடித்தோம்.

"அன்னிக்கு எத்தனை பேர் வாசிச்சீங்க?"

"பதினொண்ணு."

"அவனோட பன்னெண்டு."

"ஆமா."

"ஒரு பேர் வாசிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

என் தொழிலே அதுதான். தெரியாது என்று சொல்ல முடியவில்லை. "மூணு விநாடி."

"மூணு விநாடி" என்றார். சத்தமில்லாமல், சரிபார்ப்பது போல. பிறகு மேசைக்குக் கீழேயிருந்து தன் கைப்பையை எடுத்து, அதிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். 'அப்படியே இருக்கான். லேசா ஜுரம். கொஞ்சம் சத்தமா வாசிங்க.' சனிக்கிழமையே எழுதி வைத்திருக்கிறார், கீழே தேதி இருந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்கள் காலில் விழுகிறேன் என்று சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரேன். அன்னிக்கு எப்படி வாசிச்சீங்களோ, அச்சு அசலா அப்படியே வாசிங்க. அவனை விட்டுட்டு. அது எப்படி இருந்துச்சுன்னு நான் என் காதால கேக்கணும்."

"எதுக்கும்மா அது? வேண்டாமே."

"யாருமே கேக்காம எம்புள்ள போனான்ல. அதையாவது அவனோட அம்மா கேக்கணும்."

தேநீர் குடிக்கப் போன பெண் திரும்பி வந்துவிட்டாள். அவர் எதிர் மூலைகளை அவளிடம் நீட்டினார். நான் வெளியே வந்தேன்.

அந்த ஞாயிறு பழைய தாளையே எடுத்துக்கொண்டேன். நாலாவது வரியின் மேல் சிவப்புக் கோடு. ஒன்பதாவது பெயருக்கு உரியவர் குணமாகி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மாவுக்கட்டு பிரித்த காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, அவருக்கும் சேர்த்தே வாசிக்கிறேன், விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று முன்னால் போய் நின்றேன். தாளத்தின் அம்மா தூணோரம் தன் இடத்தில் இருந்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் முன் பெஞ்சின் முதுகில் வைத்திருந்தார். அவன் அடித்து அடித்து வார்னிஷ் போன இடம் அது.

முதல் பெயர். "ஆண்டவரே, இரங்கும்." இரண்டாவது பெயர். "ஆண்டவரே, இரங்கும்." சலூன்காரர். "ஆண்டவரே, இரங்கும்."

தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சொன்னபடி, ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

"ஆண்டவரே, இரங்கும்" என்றது சபை.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள். குடைக்காரர் கொட்டாவியோடு சொன்னார். பால் கடைக்காரம்மா வாசலைப் பார்த்தபடி சொன்னார். அடுப்பை நினைத்துக்கொண்டோ நினைக்காமலோ என் மனைவி சொன்னாள். இரண்டு வருடமாக, வாரம் தவறாமல், அந்த இடத்தில் அவனுக்காகச் சொல்லிச் சொல்லி அவர்கள் வாய் பழகிப் போயிருந்தது. நான் வாசிக்கிறேனா இல்லையா என்று அந்த வாய்கள் காத்திருக்கவில்லை. அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்கள். நான்தான் தூங்குகிறார்கள் என்று கோபப்பட்டு, அதட்டி, அடுத்த பெயருக்கு ஓடினேன்.

தாளத்தின் அம்மாவின் கைகள் பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்கு எழுத்துகள் கலங்கிவிட்டன. ஐந்தாவது பெயரை எப்படி வாசித்தேனோ தெரியாது. தொண்டைக்கட்டு இன்னும் சரியாகவில்லை போல என்று ஆசிரியை பிறகு சொன்னார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவர் பின்னறைக் கதவருகே வந்து நின்றார். எப்போதும் நிற்கிற இடம். இம்முறை கையில் சீட்டு இல்லை.

"அன்னிக்கும் சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. இதே மாதிரி. எனக்குத்தான் புரியல."

"அப்போ கேட்டிருக்காங்க."

"கேட்டிருக்காங்க. நான்தான் கேக்கல."

அவர் முகத்தில் ஒரு நொடி அந்தக் கொட்டாவிச் சீட்டு நாளின் வெளிச்சம் வந்தது போல இருந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"அப்படியும் போயிட்டான்ல, அண்ணா" என்றார்.

சொல்லிவிட்டு, இத்தனை நாள் வாசலைத் தாண்டாதவர், உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அழுதார். மகன் இறந்த பிறகு அன்றுதான் முதல் முறையாக அழுகிறார் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். சபை சொன்னது ஜெபமா வெறும் பழக்கமா, மேலே போய்ச் சேர்ந்ததா இல்லையா, சேர்ந்திருந்தால் ஏன் அவன் போனான், எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பலகையில் ஒட்டியிருந்த விதியை அன்றே கிழித்துப் போட்டேன். பட்டியல் இப்போது பத்தொன்பது பெயர். நீளம் அதிகம் என்று பால் கடைக்காரம்மா குழுவில் முறையிட்டிருக்கிறார், முறையிடட்டும். நாலாவது வரியில் யார் பெயரையும் நான் எழுதுவதில்லை.

போன வாரம் போதகர் என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணா, சலூன்காரர் பேருக்கு அப்புறம் ஒரு 'இரங்கும்' அதிகமா வருதே. நம்ம முறையில இறந்தவங்களுக்காக அப்படி வேண்டுறது இல்லையே."

"நான் யார் பேரையும் சொல்லலையே ஐயா. வயசாகுது, மூச்சு வாங்குறேன்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறுதோறும் மூன்று விநாடி மூச்சு வாங்குகிறேன். சபை கடனே என்று சொல்லி முடிக்கும். எல்லோரும் முடித்த பிறகு, ஒரு நொடி பிந்தி, தூணோரத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வரும். அது வந்து சேரும் வரைக்கும் நான் அடுத்த பெயரை வாசிப்பதில்லை.